ரவுடி மீனைக் கடைசியில் விடுங்கள்

கொளத்தூரில் நான் வாங்கிய முதல் கடல் மீன் டாமினோ டாம்செல். கட்டைவிரல் நகம் அளவுதான். கறுப்பு உடம்பு, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, விலாவில் பக்கத்துக்கு ஒன்று. தொட்டியில் அதைத்தான் முதலில் விட்டேன். தப்பு. ஒரு மாதம் கழித்து வந்த இரண்டு கோமாளி மீன்களும் வால் கிழிந்து மூலையில் ஒண்டின. முதலில் குடியேறியதற்கு மொத்தத் தொட்டியும் பட்டா நிலம்!

தொட்டி 200 லிட்டருக்குக் குறைய வேண்டாம். தண்ணீரே 200 கிலோ. வண்ணாரப்பேட்டைப் பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய தளம்) மாடியில் ஏற்றாமல் தரைத்தளத்தில் வையுங்கள்.

காசிமேடு பக்கம்தானே என்று குடத்தோடு கிளம்பாதீர்கள், துறைமுகத் தண்ணீரில் டீசல் மிதக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் மீன் தொட்டிக்கான கடல் உப்பை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கரைத்து, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி எண் 1.025 வருகிறதா பாருங்கள். சமையல் உப்பு ஆகாது.

மணல், கல், ஃபில்டர் போட்டு, மீன் விடாமல் 4 முதல் 6 வாரம் ஓட்டுங்கள். தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டால் அது அழுகி அம்மோனியா வரும். அதைத் தின்னும் பாக்டீரியா பெருகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட் இரண்டும் ஏறி இறங்கி பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார்.

கல் அடுக்குவதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு மூலையிலிருந்து பார்த்தால் மறு மூலை தெரியக்கூடாது. பொந்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் வையுங்கள், துரத்தப்படுகிற மீன் பின்பக்கம் நழுவிவிடும். பவளக்கல் மட்டும் வேண்டாம், பவளத்துக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. துளையுள்ள செராமிக் கல் போதும்.

சாதுக்களை முதலில் விட்டு, சில வாரம் கழித்து டாமினோ. ஒன்றே ஒன்று! அன்று விளக்கை அணைத்துவிடுங்கள். பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மணி நேரம் கலந்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். என்னைப் போல முன்னாடியே விட்டுவிட்டீர்களா? சரி, அதைத் துளையுள்ள பிளாஸ்டிக் கூடையில் தொட்டிக்குள்ளேயே ஒரு வாரம் அடைத்து, கற்களை இடம் மாற்றுங்கள். எல்லை அழிந்தால் அதட்டலும் குறையும்.

அக்னி நட்சத்திரத்தில் நீர் மேல் ஃபேன் காற்று படட்டும். 26 டிகிரி சுற்றி இருந்தால் நல்லது. ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அல்ல. குறைந்ததை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று அவசியம்.

அப்புறம், பாசி துடைக்கக் கை விட்டால் டாமினோ விரல் முட்டியைக் கொத்தும். வலிக்காது. ஆனால் ஸ்பாஞ்ச் கை நழுவிக் கல்லிடுக்கில் போய்விழும். அதை எடுக்க மறுபடி அதன் வீட்டுக்குள்தான் கை விடவேண்டும்.