கடலோரப் பம்ப்புகள்: பின்னால் சாய்ந்த இதழைத் திருத்தப் போகாதீர்கள்

தொண்டிப் பக்கத்து இறால் பண்ணை ஒன்றில் போன மாதம் ஓர் இளைஞர் கழற்றிய இம்பெல்லரை, அதாவது பம்ப்புக்குள் சுழலும் இதழ்ச் சக்கரத்தை, கையில் புரட்டிக்கொண்டிருந்தார். "அண்ணே, இதழெல்லாம் பின்னால் சாய்ந்திருக்கிறதே, தண்ணீரை எப்படி அள்ளும்? அதனால்தான் சுற்றும் திசையை மாற்றிவிட்டேன்" என்றார். வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் சொன்ன அதே சொற்கள்.

கடலோரப் பம்ப்புகளில் நடக்கும் தவறுகளைச் சொல்கிறேன். பிரைம் செய்ய (ஓட்டும் முன் பம்ப்பில் நீர் நிரப்ப) மறப்பது, போல்ட்டை இறுக்காமல் விடுவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அவை முதல் நாளே தாமாகத் தெரிந்துவிடும்.

இதழ் அகப்பை அல்ல

மையவிலக்குப் பம்ப் தண்ணீரை அள்ளுவதில்லை. நடுவில் நுழையும் நீரைச் சுழற்றி, வேகமேற்றி, விளிம்பில் விடுகிறது. 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள இம்பெல்லர் நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடினால், அதன் விளிம்பு நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தை அழுத்தமாக மாற்றும் வேலை, இம்பெல்லரைச் சுற்றியிருக்கும் கூட்டினுடையது. கீழக்கரைச் சங்கின் உட்சுருளைப் பார்த்திருப்பீர்கள். கூடும் அப்படித்தான் ஒடுங்கித் தொடங்கி, வாயை நோக்கி விரிகிறது.

இதழ் சுற்றும் திசைக்கு எதிராகச் சாய்ந்திருப்பதற்குக் காரணம் உண்டு. முன்னால் வளைந்த இதழ் கணக்கில் நீரை அதிக உயரத்துக்கு ஏற்றும். ஆனால் அதில் பெரும்பங்கு வெறும் வேகம். கூட்டுக்குள் சுழலாகி வீணாகும். நீரின் அளவு கூடக் கூட மோட்டாரின் சுமையும் அடங்காமல் ஏறும். பின்னால் சாய்ந்த இதழ் இந்த இரண்டையும் கட்டுக்குள் வைக்கிறது.

திசையை மாற்றினால் இதழின் நுழைவுக் கோணம் நீரோடு பொருந்தாது, கூட்டின் சுருளும் எதிராகிவிடும். ஆனாலும் தண்ணீர் வரும்! எந்தப் பக்கம் சுற்றினாலும் நீர் வெளிநோக்கித்தானே வீசப்படும்? குறைவாக வந்தாலும் வருகிறதே என்பதால் யாருக்கும் திசைமேல் சந்தேகம் எழுவதில்லை.

நானும் சந்தேகப்படவில்லை. மும்முனை இணைப்பில் இரண்டு கம்பிகளை இடம் மாற்றித் திசையைத் திருப்பிவிட்டு, கால்வாயில் நீர் மெலிந்தபோது உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வைக் குறை சொன்னேன். அதை மாற்றினார்கள். பிறகு குழாயைச் சொன்னேன். கடைசியில் பெரிய மோட்டாரே வாங்க வைத்தேன். சுற்று வேகம் அதேதான் என்பதால் ஒரு குடம்கூட அதிகம் வரவில்லை. உப்பு விளையும் நல்ல வெயில் மூன்று வாரம் வீணானது. வயதான ஃபிட்டர் ஒருவர் வந்து, கூட்டின் மேலிருந்த துருவைச் சுரண்டி, சுற்றும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்தார். இரண்டு கம்பிகளை மாற்றினார். அரை மணியில் கால்வாய் ததும்பியது. அந்த முதலாளி இழந்த பணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை. அதே தவறு தொண்டியில் நடப்பதைக் கண்டதும் கோபம்தான் வந்தது.

அம்புக்குறி அழிந்திருந்தால் கூட்டைப் பாருங்கள்: சுருள் ஒடுங்கிய இடத்திலிருந்து அகன்று வாய்க்குப் போகும் திசையே சுழற்சித் திசை. மோட்டாருக்குப் புதிதாகக் கம்பிச் சுருள் கட்டிய பிறகும், மின்கம்பி வேலை நடந்த பிறகும் மறுபடி பாருங்கள். மரையில் திருகி மாட்டிய இம்பெல்லர் என்றால், எதிர்த்திசையில் ஓடும்போது கழன்று கூட்டில் மோதும். அந்த வகையில் மோட்டாரைப் பம்ப்போடு இணைக்கும் முன்பே சோதித்துவிட வேண்டும்.

உறிஞ்சு குழாயில் காசு மிச்சம் பிடிப்பது

பம்ப் நீரை இழுப்பதில்லை. வெளிக்காற்றின் அழுத்தம்தான் தள்ளி ஏற்றுகிறது. கடல் மட்டத்தில் அதன் எல்லை 10.3 மீட்டர், நடைமுறையில் ஆறேழு மீட்டருக்கு மேல் நம்பக் கூடாது. குழாய் சிறுத்தால் அதுவும் குறையும். உள்ளே நீராவிக் குமிழிகள் தோன்றி உடையும். கூழாங்கல் உருளுவது போலக் கேட்கும். அந்தச் சத்தத்தோடு ஓட்டினால் இதழ்களில் குழி விழும்.

உறிஞ்சு பக்க வால்வைத் திருகி நீரைக் குறைப்பது

கூடவே கூடாது. நீர் வெளியேறும் டெலிவரி பக்கம் திருகுங்கள்.

கடல் நீருக்கு வார்ப்பிரும்பு இம்பெல்லர்

வேண்டாம். வெண்கலம் போடுங்கள்.

செறிந்த உப்பு நீரையும் நல்ல தண்ணீராகக் கணக்கிடுவது

கடல் நீர் லிட்டருக்கு 1.025 கிலோதான். பாத்தியில் உப்பு உறையும் நிலையில் அது சுமார் 1.2 கிலோ ஆகிவிடும். பம்ப் ஏற்றும் உயரம் மாறாது. மோட்டாரின் சுமை ஐந்தில் ஒரு பங்கு கூடும். அந்தப் பாத்தியிலிருந்து நீர் இறைப்பதானால், மோட்டாரை அந்த எடைக்கே தேர்ந்தெடுங்கள்.