மேம்பட்ட லினக்ஸ் கையேடு தேறுமா? வாங்கும் முன் சோதித்துப் பார்க்கும் முறை

லினக்ஸ் அடிப்படை தெரிந்தவர்கள் அடுத்த கட்டத்துக்குக் கையேடு தேடும்போது, அட்டையில் 'அட்வான்ஸ்டு' என்று போட்டிருக்கிறதா, எத்தனை பக்கம் என்று பார்த்துத்தான் பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். இரண்டும் எதையும் சொல்லாது. தொடக்கநிலைக் கையேடு கமாண்டைக் கற்றுத்தந்தால் போதும். மேம்பட்ட கையேடு, அந்தக் கமாண்ட் சொதப்பினால் எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி மீள்வது என்பதையும் கற்றுத்தர வேண்டும். கீழே உள்ள சோதனைகள் அதைத்தான் தேடுகின்றன.

படி 1: உங்கள் கணினியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஈடிசி கோப்புறையில் உள்ள ஓஎஸ்-ரிலீஸ் கோப்பைத் திறந்து, எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை), எந்தப் பதிப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். டெபியன் வகைக்கு எழுதிய கையேட்டை ரெட் ஹேட் வகையில் பின்பற்றினால், மென்பொருள் நிறுவும் முதல் வரியிலேயே தடுக்கி நிற்பீர்கள்.

படி 2: பதிப்புரிமைப் பக்கம்

மறுஅச்சு ஆண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடைசியாகத் திருத்திய பதிப்பு எந்த ஆண்டு என்பதே கணக்கு. அதை உள்ளடக்கத்திலும் சரிபார்க்கலாம். நெட்வொர்க் அத்தியாயம் முழுக்க இஃப்கான்ஃபிக் என்ற பழைய கமாண்ட் மட்டும் இருந்து, அதன் இடத்துக்கு வந்த ஐபி கமாண்ட் எங்கும் வராவிட்டால் அது பழையது. சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்துவதை இனிட் ஸ்கிரிப்ட் வழியாக மட்டும் விளக்கினாலும் அப்படித்தான்: ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 வந்த 2014-லும் டெபியன் 8 வந்த 2015-லும் சிஸ்டம்டி அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. சென்ட்ஓஎஸ் 7-ஐ வைத்தே எல்லாப் பயிற்சியும் இருந்தால், அதன் ஆதரவு 2024 ஜூன் 30-ல் முடிந்துவிட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

பழையது என்பதற்காகத் தூக்கி எறியவும் வேண்டாம். பிராசஸ், சிக்னல், கோப்பு அனுமதி பற்றிய பகுதிகள் அவ்வளவு சீக்கிரம் காலாவதியாவதில்லை.

படி 3: சொல்லடைவில் ஒரு கேள்வி

நேரம் குறைவு என்றால் இந்த ஒரு படியை மட்டுமாவது செய்யுங்கள். இந்தக் கேள்விக்கு விடை இருக்கிறதா என்று சொல்லடைவு வழியாகத் தேடுங்கள்: டிஸ்க் நிரம்பிவிட்டது என்று டிஎஃப் (டிஸ்கில் மொத்தம் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று காட்டும் கமாண்ட்) சொல்கிறது, டியூ (கோப்புகளின் அளவைக் கூட்டும் கமாண்ட்) போட்டுக் கூட்டினால் பாதிகூட வரவில்லை. ஏன்?

வழக்கமான காரணம், யாரோ பெரிய லாக் கோப்பை அழித்திருப்பார்கள். ஆனால் அதைத் திறந்து வைத்திருக்கும் பிராசஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். கோப்பின் பெயர் போய்விட்டதால் டியூ அதைக் கணக்கில் எடுக்காது. இடம் விடுபடாததால் டிஎஃப் கணக்கில் எடுக்கும். திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் மூலம் அந்தப் பிராசஸைக் கண்டுபிடித்து, அந்தச் சர்வீஸை மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பக் கிடைக்கும். இதை விளக்கும் கையேடு, உண்மையான சர்வரோடு மல்லுக்கட்டியவர் எழுதியது என்று நம்பலாம். டிஸ்கில் இடம் இருந்தும் ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் தேவைப்படும் பதிவு) தீர்ந்து கோப்பு உருவாக்க முடியாமல் போவதையும் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது.

டிஎஃப், டியூ இரண்டையும் அடுத்தடுத்துப் பட்டியலிட்டு, விருப்பங்களை மட்டும் அடுக்கியிருந்தால், அது மேன் பக்கத்தின் (லினக்ஸிலேயே இருக்கும் உதவிப் பக்கம்) நகல்.

படி 4: ஆபத்தான பக்கத்தைப் படியுங்கள்

பூட் ஆகும்போது எந்த டிஸ்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திருத்தும் பகுதிக்குப் போங்கள். நல்ல கையேடு முதலில் நகல் எடுக்கச் சொல்லும். டிஸ்க் பெயர்கள் அடுத்த பூட்டில் மாறக்கூடும் என்பதால் மாறாத அடையாள எண்ணான யூயூஐடி பயன்படுத்தச் சொல்லும். ரீபூட் செய்யும் முன் மவுன்ட் கமாண்டை ஏ விருப்பத்தோடு ஓட்டிப் பார்க்கச் சொல்லும். கூடுதல் டிஸ்க் இல்லாவிட்டாலும் கணினி எழ வேண்டுமென்றால் நோஃபெயில் என்ற விருப்பத்தை அந்த வரியில் சேர்க்கச் சொல்லும். 'வரியைச் சேர்த்து ரீபூட் செய்யவும்' என்று முடித்துவிட்டால், அந்தக் கையேடு உங்களைப் பாதியில் விட்டுவிடும்.

அனுமதிப் பிழைக்கு 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்), எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு தடுத்தால் அதை அணைத்துவிடு, பிராசஸ் நிற்காவிட்டால் எடுத்த எடுப்பில் கில் 9 (வலுக்கட்டாயமாக நிறுத்தும் சிக்னல்): இந்த மூன்றில் எது தீர்வாக வந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். சிக்னல் 15 அனுப்பினால் பிராசஸ் தன் வேலையை ஒழுங்காக முடித்துக்கொள்ள வாய்ப்புண்டு. 9 அதைத் தருவதில்லை.

படி 5: ஓர் அத்தியாயத்தை ஓட்டிப் பாருங்கள்

2 ஜிபி ரேம், 20 ஜிபி டிஸ்க், கூடவே 1 ஜிபி-யில் இரண்டாவது டிஸ்க் என்று ஒரு விர்ச்சுவல் மெஷின் போதும். முதலில் ஸ்னாப்ஷாட் (பிறகு திரும்பி வரக்கூடிய நிலைப்பதிவு) எடுங்கள். பிறகு மாதிரி அத்தியாயத்தில் உள்ளதை அப்படியே தட்டச்சு செய்யுங்கள். மின்நூலிலிருந்து நகலெடுத்தால், சிறு கோடு நீளக் கோடாகவும், நேர் மேற்கோள்குறி வளைந்ததாகவும் மாறியிருக்கலாம். கண்ணுக்குச் சரியாகத் தெரியும் வரி பிழை காட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கையேட்டில் இருக்கும் வெளியீடும் உங்கள் திரையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, எந்த டிஸ்குக்கும் இல்லாத ஒரு யூயூஐடி-யை எஃப்எஸ்டேபில் வேண்டுமென்றே சேர்த்து ரீபூட் செய்யுங்கள். நோஃபெயில் இல்லாவிட்டால், சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு அவசரநிலைத் திரையில் கொண்டுபோய் நிறுத்தும். இப்போது இணையத்தைத் தொடாமல், கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு வெளியே வர முயலுங்கள். ரூட் பகுதி படிக்க மட்டும் திறந்திருந்தால் எழுதும் நிலைக்கு ரீமவுன்ட் செய்ய வேண்டும் என்ற குறிப்பு அதில் இருக்கிறதா? இல்லையென்றால் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி, அடுத்த கையேட்டை எடுங்கள்.