வளர்ச்சித் துறையில் சர்வதேச வேலை: அறிவிப்பைப் படிப்பதிலிருந்து நேர்காணல் வரை

‘சர்வதேச வளர்ச்சிப் பணி’ என்று தனியாக ஒரு தொழில் கிடையாது. வளரும் நாடுகளில் குடிநீர், ஊட்டச்சத்து போன்ற திட்டங்களை நடத்தும் ஐநா, தொண்டு நிறுவனங்கள் போன்ற அமைப்புகள் தேடுவது கணக்காளரை, குடிநீர்ப் பொறியாளரை, கொள்முதல் அலுவலரை, ஊட்டச்சத்து வல்லுநரை, தரவு பார்க்கத் தெரிந்தவரை. மக்களுக்குச் சேவை செய்யும் ஆசை, வந்து குவியும் எல்லா விண்ணப்பங்களிலும் இருக்கிறது. அதை வைத்து யாரையும் சேர்க்கவும் முடியாது, கழிக்கவும் முடியாது. எனவே இங்கே பார்க்கப்போவது ஆசையை அல்ல, விண்ணப்பம் எந்த இடத்தில் கழிபடுகிறது என்பதை. சிவியை (தன்விவரக் குறிப்பை) எப்படி வடிவமைப்பது, எந்தப் பட்டம் படிப்பது போன்றவை இதில் இல்லை.

படி 1: முப்பது அறிவிப்புகள், ஒரு எக்ஸெல்

விண்ணப்பிக்கும் முன் முப்பது வேலை அறிவிப்புகளைப் படியுங்கள். ரிலீஃப்வெப் தளமே முதல் தேர்வு. 1996இல் தொடங்கிய அதை நடத்துவது ஐநாவின் மனிதாபிமான உதவி ஒருங்கிணைப்பு அலுவலகமான ஓச்சா, முழுக்க இலவசம். அனுபவ ஆண்டுகளை வைத்து வடிகட்டும் வசதியும் உண்டு. அடுத்ததாக இம்பாக்ட்பூல். காசு கட்டி உறுப்பினராகும் தளங்கள் தொடக்கத்தில் தேவையில்லை.

எக்ஸெலில் எட்டு நிரல்கள் போதும்: பதவி, துறை, நிலை, கேட்கும் ஆண்டுகள், மொழி, மென்பொருள், பணியிடம், யார் விண்ணப்பிக்கலாம். முப்பதும் முடிந்ததும் எந்தச் சொல் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். அடிக்கடி வரும் மூன்று திறன்கள்தான் உங்கள் பாடத்திட்டம். ‘திட்ட அலுவலர்’ பதவிகளுக்குத்தான் கூட்டம் அலைமோதும். நிதி, கொள்முதல், தரவு ஆகியவற்றின் பக்கம் கூட்டம் குறைவு. முதல் முறை நுழைபவர்களுக்கு நான் சொல்வது கண்காணிப்பும் மதிப்பீடும்தான், அதாவது ஒரு திட்டம் சரியாக நடக்கிறதா, பலன் தந்ததா என்று அளக்கும் வேலை. எல்லாத் துறைகளிலும் இதற்கு இடம் உண்டு, வீட்டிலிருந்தே பழகலாம்.

படி 2: நிலைக்குறியீட்டைப் படிப்பது

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஐநா அறிவிப்பில் ‘ஜி’ என்று இருந்தால் அது அலுவலக ஆதரவுப் பணி, பணியிடம் இருக்கும் ஊரிலேயே ஆள் எடுப்பார்கள். ‘என்ஓ’ என்பது தேசிய அலுவலர். அது அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். ‘பி’ என்பதுதான் எந்த நாட்டவரும் போட்டியிடக்கூடிய சர்வதேசப் பதவி. கென்யாவில் உள்ள என்ஓ பதவிக்கு வேறு நாட்டுக்காரர் எவ்வளவு அழகாக விண்ணப்பித்தாலும் அதை யாரும் படிக்கவே மாட்டார்கள்.

ஐநா செயலகத்தின் பொதுவான கணக்கு இது: முதுகலைப் பட்டத்துடன் பி-2க்கு 2 ஆண்டு, பி-3க்கு 5 ஆண்டு, பி-4க்கு 7 ஆண்டு அனுபவம். இளங்கலை மட்டும் என்றால் கூடுதலாக 2 ஆண்டு. அதாவது முதுகலைக்குச் செலவிடும் இரண்டு ஆண்டுகளும் அனுபவத்தில் செலவிடும் இரண்டு ஆண்டுகளும் இந்தக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றுதான். கடன் வாங்கி முதுகலை சேரும் முன் இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

படி 3: எந்தக் கதவு திறந்திருக்கிறது

ஐநா தன்னார்வலர் திட்டம் 1970இல் தொடங்கப்பட்டது, தலைமையகம் பான் நகரம். 18 முதல் 26 வயது வரை இளையோர் பிரிவு, 27 வயது முதல் வல்லுநர் பிரிவு. தன்னார்வலர் என்று பெயர் இருந்தாலும் வாழ்க்கைச் செலவுக்கான படி தருவார்கள். சொந்த நாட்டிலேயே பணியாற்றும் தேசியத் தன்னார்வலர் பிரிவும் உண்டு. முதல் வாசலாக இதைத்தான் பரிந்துரைப்பேன்.

ஐநா செயலகத்தின் இளம் அலுவலர் தேர்வுக்கு 32 வயது வரம்பு. உங்கள் நாடு அந்த ஆண்டுப் பட்டியலில் இருந்தால்தான் எழுத முடியும், பட்டியலும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஜேபிஓ எனப்படும் இளநிலை அலுவலர் பதவிகளுக்கு நன்கொடை நாடுகள் பணம் கட்டுவதால் பெரும்பாலும் தங்கள் குடிமக்களையே அனுப்புகின்றன. சில நாடுகள் மட்டும் வளரும் நாட்டவருக்கும் இடம் தருகின்றன. மற்றபடி, சொந்த நாட்டுத் தொண்டு நிறுவனத்தில் இரண்டு ஆண்டு களப்பணி எந்தச் சான்றிதழையும்விட எடை கூடியது.

படி 4: கையில் ஒரு வேலை

காயா, டிசாஸ்டர்ரெடி ஆகிய இரண்டு தளங்களிலும் இலவசப் பாடங்கள் உண்டு. ஐநாவின் பிசேஃப் பாதுகாப்புப் பயிற்சியும் இலவசம். முடித்த பாடங்களில் மூன்றைச் சிவியில் போடுங்கள். பதினைந்தைப் போட்டால், வேலை பார்க்காமல் பாடம் மட்டும் பார்த்தவர் என்ற எண்ணமே வரும்.

அதைவிடப் பயனுள்ளது, களத்தில் தரவு திரட்டப் பயன்படும் கோபோ டூல்பாக்ஸ் மென்பொருளில் ஒரு கணக்கெடுப்புப் படிவம் செய்து பழகுவது. வீட்டுக் குடிநீர் பற்றிப் பத்துக் கேள்விகள் போதும். ‘ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் செலவாகிறது?’ என்று நேராகக் கேட்காதீர்கள். யாரும் லிட்டரில் கணக்குப் பார்ப்பதில்லை, வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வார்கள். பாத்திரத்தின் கொள்ளளவு என்ன, நேற்று எத்தனை நடை, வீட்டில் எத்தனை பேர் என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். 20 லிட்டர் பாத்திரம், 3 நடை, 5 பேர் என்றால் ஆளுக்கு 12 லிட்டர். மனிதாபிமான உதவிக்கான தர அளவுகளைச் சொல்லும் ஸ்ஃபியர் கையேட்டின் குறைந்தபட்ச அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். ஆக அந்த வீட்டில் பற்றாக்குறை. இந்தக் கணக்கைப் படிவமே போட வேண்டும். ‘எத்தனை பேர்’ என்ற கேள்வியை எழுத்து வகையில் விட்டுவிட்டால் ஒருவர் ‘5 பேர்’ என்று அடிப்பார், கணக்கு உடைந்துவிடும். முழு எண் வகையாக வைத்து, 1 முதல் 30 வரை என்று எல்லையும் கட்டுங்கள். நேர்காணலுக்கு முன் எழுத்துத் தேர்வு வைத்தால் அதில் கேட்பது ஏறத்தாழ இதே மாதிரி வேலைதான்.

ஒரு திட்டத்தின் நோக்கம், பணிகள், பலன்கள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் காட்டும் லாக்ஃப்ரேம் அட்டவணையையும் ஒருமுறை கைப்பட நிரப்பிப் பாருங்கள். வெளியீட்டையும் விளைவையும் குழப்பாமல் இருப்பதுதான் அதில் முக்கியம். கிணறு தோண்டியது வெளியீடு. அந்தத் தண்ணீரை மக்கள் குடிக்கிறார்கள் என்பது விளைவு.

படி 5: விண்ணப்பம்

முதலில் தேதி. ‘2021–2022’ என்று எழுதினால் அது 2021 டிசம்பர் முதல் 2022 ஜனவரி வரை இரண்டு மாதமாக இருக்கலாம், இரண்டு முழு ஆண்டாகவும் இருக்கலாம். விண்ணப்பங்களை வடிகட்டுபவர் உங்களைக் கேட்டுத் தெளிந்துகொள்ள மாட்டார், தெளிவில்லாததைக் குறைத்தே எண்ணுவார். ஒவ்வொரு வேலைக்கும் மாதமும் ஆண்டும் போடுங்கள். ஒரே காலத்தில் இரண்டு வேலை பார்த்திருந்தால் அந்தக் காலம் ஒருமுறைதான் எண்ணப்படும். பகுதி நேரத்தை விகிதப்படி குறைப்பார்கள். நீங்களே மாதக் கணக்கில் கூட்டிப் பார்த்து, கேட்ட ஆண்டுகளுக்கு எட்டுகிறதா என்று உறுதி செய்த பிறகு மேலே போங்கள். ‘நான்கரை ஆண்டு இருக்கிறது, ஐந்துதானே கேட்கிறார்கள்’ என்ற சமாதானம் ஐநா விண்ணப்பங்களில் எடுபடாது.

அடுத்து வரிகள். ‘குடிநீர்த் திட்டத்தில் கண்காணிப்புப் பணிகளுக்கு உதவினேன்’ என்ற வரியில் ஒன்றுமே இல்லை. அதே வேலையை இப்படி எழுதலாம்: ‘4 கிராமங்களில் 320 குடும்பங்களைக் கோபோ வழியே கணக்கெடுத்தேன், 6 கணக்கெடுப்பாளர்களுக்கு 2 நாள் பயிற்சி அளித்தேன், தினமும் 10% படிவங்களை மறுபடி சரிபார்த்தேன், முடிவுகளின்படி 3 குழாய்களின் இடம் மாற்றப்பட்டது.’ எத்தனை, எதைக் கொண்டு, என்ன ஆனது ஆகிய மூன்றும் இதில் வந்துவிட்டன. அறிவிப்பில் உள்ள சொல்லையே பயன்படுத்துங்கள். அவர்கள் ‘தரவுத் தரம்’ என்று கேட்டிருந்தால் நீங்களும் அதையே எழுதுங்கள். இலக்கிய நயத்துக்காகச் சொல்லை மாற்றும் இடம் இதுவல்ல.

விண்ணப்பப் படிவத்தில் வரும் ஆம்/இல்லை கேள்விகளில் ‘ஆம்’ என்று சொன்ன ஒவ்வொன்றுக்கும் சிவியில் ஒரு வரி சாட்சி இருக்க வேண்டும். பதில்களை எப்போதும் தனிக் கோப்பில் எழுதிவிட்டு ஒட்டுங்கள். பாதி எழுதும்போது தளம் தானாக வெளியேற்றிவிட்டால் எல்லாம் போயிற்று. கடைசி நாளில் எழுதியிருக்கும் நேரம் நியூயார்க் நேரமா ஜெனீவா நேரமா என்பதையும் பாருங்கள்.

படி 6: நேர்காணல்

‘கருத்து வேறுபாட்டை எப்படிச் சமாளித்தீர்கள், ஓர் உதாரணம் சொல்லுங்கள்’ என்ற மாதிரிக் கேள்விகள்தான் வரும். சூழல், உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, கிடைத்த பலன் என்ற வரிசையில் மூன்று நிமிடத்துக்குள் முடியுங்கள். நேரத்தில் பாதிக்கு மேல் ‘நீங்கள் செய்தது’ பகுதிக்குப் போக வேண்டும். பணிவு கருதிச் ‘செய்தோம்’, ‘முடித்தோம்’ என்று பேசும் பழக்கம் நமக்கு உண்டு. ஆங்கிலத்தில் பேசும்போதும் அது கூடவே வரும். மதிப்பெண் போடுபவரிடம் ‘செய்தோம்’ என்பதற்குக் கட்டம் இல்லை. குழு செய்ததைக் குழு என்றே சொல்லுங்கள், ஆனால் உங்கள் பங்கைச் ‘செய்தேன்’ என்று தனியாக எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: ‘பத்து இடங்களுக்கு அனுப்பியும் பதிலே இல்லை’ என்று பலர் கேட்கிறார்கள். அதே எக்ஸெலில் ‘எந்தக் கட்டத்தில் நின்றது’ என்று ஒரு நிரல் சேருங்கள். எல்லாமே முதல் வடிகட்டலில் நின்றால் கோளாறு நிலைக்குறியீட்டிலோ தேதியிலோ இருக்கும். எழுத்துத் தேர்வில் நின்றால் படி 4க்குத் திரும்புங்கள்.

பின்சேர்க்கை 2: 2025 ஜூலை 1 முதல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் தனி அமைப்பாக உதவித் திட்டங்களை நடத்துவதை நிறுத்திவிட்டது. பிரிட்டனும் தன் உதவி நிதியை 2027க்குள் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்திருக்கிறது. வேலை இழந்த அனுபவசாலிகள் கீழ்நிலைப் பதவிகளுக்கும் வருகிறார்கள். எனவே அறிவிப்பில் ‘நிதி உறுதியானால்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். ‘ரோஸ்டர்’ என்று இருந்தால் இப்போதைக்குக் காலியிடம் இல்லை, பெயரைப் பட்டியலில் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அனுப்பலாம், காத்திருக்க வேண்டாம்.

பின்சேர்க்கை 3: வேலை உறுதி, விசாவுக்கும் பயிற்சிக்கும் பணம் கட்டுங்கள் என்று கடிதம் வந்தால் அது மோசடி. விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என எந்தக் கட்டத்திலும் ஐநா கட்டணம் வாங்குவதில்லை. வங்கிக் கணக்கு விவரத்தையும் விண்ணப்ப நிலையில் கேட்பதில்லை. கடிதத்தில் உள்ள இணைப்பைத் தொடாமல், அந்த அமைப்பின் தளத்துக்கு நீங்களே போய் அறிவிப்பு எண்ணைத் தேடிப் பாருங்கள்.