வார்டில் யார் யாரிடம் கேட்கிறார்கள்? ஒரு தாளில் வரைந்து பாருங்கள்

வார்டில் வேலை எப்படி நகர்கிறது என்று தெரிய டியூட்டி சார்ட் மட்டும் போதாது. இரவு 2 மணிக்கு ஒரு நோயாளிக்குச் சிறுநீர் குறைந்தால் புது நர்ஸ் முதலில் ஓடுவது டியூட்டி டாக்டரிடமா, பக்கத்து வார்டு சீனியர் சிஸ்டரிடமா? யார் யாரிடம் போகிறார்கள் என்பதுதான் வார்டின் உண்மையான தொடர்பு வலை.

வரைவது சுலபம். டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன், வார்டு உதவியாளர் எல்லோரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வி: "போன வாரம் சந்தேகம் வந்தப்போ யாரிடம் கேட்டீங்க?" ஆளுக்கொரு வட்டம், கேட்டவரிடமிருந்து பதில் சொன்னவருக்கு ஓர் அம்பு. 1930களில் மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோ தொடங்கிவைத்த முறைதான் இது.

எல்லா அம்பும் ஒரே சிஸ்டரிடம் போனால், அவர் லீவு போடும் நாள் ஆபத்தானது. இன்னொருவரை இப்போதே பழக்குங்கள். அப்புறம், அம்பே வராத வட்டத்தை விட்டுவிடாதீர்கள். அது வார்டு உதவியாளராக இருக்கலாம், விரிப்பு மாற்றும்போது நோயாளியின் முதுகில் சிவந்த இடத்தை (படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறி) முதலில் பார்ப்பவர் அவர்தான், ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை. ஷிப்ட் மாறும்போது அவரையும் கட்டிலருகே நிறுத்தி, "நீங்க என்ன பார்த்தீங்க?" என்று கேளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் குழுவில் எல்லோரும் பெயரும் பொறுப்பும் சொல்லியாக வேண்டும். பெயர் தெரிந்தவரிடம் "டாக்டர், ஒரு நிமிஷம்" என்று சொல்வது எளிது. வார்டிலும் அதையே செய்யுங்கள்.

வரைந்த தாளை யாருடைய மதிப்பீட்டுக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த முறை ஒருவரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.