பச்சிளங்குழந்தைகளின் சர்க்கரை ஆய்வு ஒன்றை வாசிப்பது எப்படி

பச்சிளங்குழந்தைகளின் ஊட்டம் குறித்த ஆய்வுக்கட்டுரையைக் கையில் எடுக்கும் செவிலிய மாணவரும் இளம் மருத்துவரும், முடிவுரைக்குத் தாவாமல், எந்தக் குழந்தைகள் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள் என்று சொல்லும் பத்தியிலிருந்து தொடங்க வேண்டும். நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரில் டெபோரா ஹாரிஸ், ஜேன் ஹார்டிங் முதலியோர் நடத்தி, 2013இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ‘சுகர் பேபீஸ்’ ஆய்வை, அதாவது இரத்தச் சர்க்கரை குறைந்த குழந்தைகளுக்கு டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஜெல் பலன் தருமா என்று பார்த்த ஆய்வை, இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அதில் சேர்ந்தவர்கள் 35 வாரம் நிறைந்து பிறந்த, 48 மணி நேரத்துக்கு உட்பட்ட, சர்க்கரை குறையும் வாய்ப்புள்ள குழந்தைகள். நீரிழிவுள்ள தாயின் குழந்தைக்குத் தொப்புள்கொடி வழியே வந்த குளுக்கோஸ் பிறந்ததும் நின்றுவிடும். கருவறையில் மிகுந்த சர்க்கரைக்குப் பழகிய கணையமோ இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கும். குறைமாதக் குழந்தையின் சிக்கல் வேறு: அதன் கல்லீரலில் கிளைக்கோஜன் என்னும் குளுக்கோஸ் சேமிப்பே போதாது. எனவே மிகக் குறைந்த மாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த முடிவை அப்படியே பொருத்தக் கூடாது.

அடுத்து அளவுகோலைப் பாருங்கள். லிட்டருக்கு 2.6 மில்லிமோலுக்குக் கீழே போனால் சர்க்கரைத் தாழ்நிலை என்று கொண்டார்கள். நம் ஆய்வகங்கள் மில்லிகிராமில் எழுதுவதால் 18ஆல் பெருக்குங்கள், டெசிலிட்டருக்கு 47 மி.கி. என்று வரும். பிறகு, என்ன கொடுத்தார்கள் என்பதைக் கணக்கிட்டே பாருங்கள். 40 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் ஜெல், கிலோவுக்கு 200 மி.கி.; அதாவது 3 கிலோ குழந்தைக்கு ஒன்றரை மில்லிலிட்டர். அதைக் கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்துவிட்டுப் பாலூட்ட ஊக்குவித்தார்கள். ஒப்பீட்டுக் குழுவுக்குச் சர்க்கரையில்லாத போலி ஜெல் தரப்பட்டது. பாலூட்டல் இரு குழுவுக்கும் பொதுவாக இருந்ததால்தான் வித்தியாசத்தை ஜெல்லின் கணக்கில் எழுத முடிகிறது.

இனி முடிவு. இருமுறை கொடுத்தும் சர்க்கரை ஏறாதவர்கள் ஜெல் குழுவில் 14 விழுக்காடு, போலி ஜெல் குழுவில் 24 விழுக்காடு. ஏறக்குறைய பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தால் ஒரு குழந்தைக்குக் கூடுதல் பலன். ஆனால் ஆபத்து விகிதம் (ஜெல் குழுவின் தோல்வி வீதத்தைப் போலி ஜெல் குழுவின் வீதத்தால் வகுத்தது) 0.57 என்பதோடு நின்றுவிடாமல், அதன் நம்பக எல்லை, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வீச்சு, 0.33 முதல் 0.98 வரை என்பதையும் படியுங்கள்; மேல் எல்லை, வேறுபாடே இல்லை என்று பொருள்படும் 1ஐத் தொட்டுவிடும் தூரத்தில் நிற்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தவர்களின் மொத்த விகிதத்தில் உறுதியான வேறுபாடு இல்லை. சர்க்கரைக் குறைவுக்காகச் சேர்ந்தவர்கள் மட்டும் குறைந்தார்கள். இரண்டு வார வயதில் மாவுப்பால் குடித்தவர்கள் ஜெல் குழுவில் குறைவு என்ற முடிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனெனில் அது தாயும் குழந்தையும் பிரியாதிருந்ததன் விளைவாக இருக்கலாம்.

இரத்தத்தில் எண் ஏறியதால் மூளை காக்கப்பட்டது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இரண்டு வயதில் பரிசோதித்தபோது இரு குழுவினரின் வளர்ச்சியிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. போலி ஜெல் பெற்றுச் சர்க்கரை ஏறாத குழந்தைகளுக்கும் உடனே உண்மையான சிகிச்சை தரப்பட்டது என்பதை நினைவில் வைத்தால், இதில் வியப்பில்லை. 47 என்ற எல்லையே சரிதானா என்று கேட்பவர்கள், 36 மி.கி. எல்லையையும் 47 மி.கி. எல்லையையும் ஒப்பிட்டு 2020இல் வெளியான நெதர்லாந்து ஆய்வை அடுத்து எடுத்து, இதே வரிசையில், சேர்க்கப்பட்ட குழந்தைகளிலிருந்தே வாசிக்கலாம்.