பழைய ஜீப்பின் ஸ்டார்ட்டர் மோட்டார்: என் அனுபவம்

எங்கள் தோட்டத்து டீசல் ஜீப்பில் சாவியைத் திருப்பினால் 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், இன்ஜின் சுற்றவே சுற்றாது. ஈரோட்டுக்கு மஞ்சள் மூட்டை ஏற்றி நிற்கும்போது ஆள் கூப்பிட்டுத் தள்ள வேண்டியிருந்தது. எல்லோரும் பேட்டரியைத்தான் மாற்றச் சொன்னார்கள். முதலில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். எனக்கு 12.6 வோல்ட் இருந்தது, சாவியைத் திருப்பும்போதும் பெரிதாக இறங்கவில்லை. அப்போ கோளாறு பெரும்பாலும் இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரில்தான்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு மோட்டாரை இறக்கினேன். பின்மூடியைத் திறந்ததும் கரித்தூள் கொட்டியது. மின்சாரத்தைக் கடத்தும் கரிக்கட்டையான கார்பன் பிரஷ், ஸ்பிரிங் அழுத்தினாலும் கம்யூட்டேட்டரை (ஷாஃப்ட்டோடு சுழலும் செம்புப் பட்டை உருளை) தொடாத அளவுக்குத் தேய்ந்து குட்டையாகியிருந்தது. புது பிரஷ் போட்டேன். கறுத்துப்போன கம்யூட்டேட்டரை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, செம்புப் பட்டைகளுக்கு நடுவே அடைந்திருந்த கரியை ஹேக்சா பிளேடு துண்டால் பொறுமையாகச் சுரண்டி எடுத்தேன்.

அப்புறம் மோட்டாரின் சுழல் தண்டான ஷாஃப்ட்டை ஆட்டிப் பார்த்தால் அதுவும் ஆடியது. கோபியில் லேத் பட்டறைக்காரர் கையில் வாங்கியதுமே, "புஷ் போச்சுங்ணா, இப்படியே மாட்டுனா ஆர்மேச்சர் உரசுமுங்க" என்றார். புஷ் என்பது ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையம்; ஆர்மேச்சர், கம்பி சுற்றிய சுழலும் பகுதி. புது புஷ்ஷை இன்ஜின் ஆயிலில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டுத்தான் அடித்தோம். அவசரப்பட்டு இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்; வெண்கலத்தூளை அழுத்திச் செய்த புஷ் அது, எண்ணெயைக் குடித்து வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

இப்போது சாவியைத் தொட்டதும் இன்ஜின் பிடிக்கிறது. இன்ஜினைச் சுற்றிவிடும் சின்னப் பல்சக்கரமான பினியனின் பல் உடைந்து, ஆர்மேச்சர் சுருளும் கருகியிருந்தால் மட்டும் புது மோட்டாருக்குப் போங்கள்.