வேண்டாத ஆப்களை மொத்தமாக நீக்குங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பல வீடுகளில் தாத்தா பாட்டியின் போன்தான் பேரப்பிள்ளைகளின் விளையாட்டு மைதானம். ஞாயிற்றுக்கிழமை வந்து அவர்கள் ஏற்றிவிட்டுப் போன கேம்கள், வாரம் முழுக்க ப்ரீபெய்டு டேட்டாவைத் தின்றுகொண்டிருக்கும்.

ஆண்ட்ராய்டு போனில் ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து நீக்க வேண்டியதில்லை. ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொடுங்கள். 'மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ்', அதற்குள் 'மேனேஜ்'. பட்டியலை 'லீஸ்ட் யூஸ்டு' என்று மாற்றினால், மாதக்கணக்கில் தொடாதவை மேலே வந்துவிடும். வேண்டாதவற்றை டிக் செய்து, குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டால் போதும்.

கம்பெனியே போட்டு அனுப்பிய சில ஆப்கள் நீங்காது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் 'டிசேபிள்' செய்யுங்கள். போனில் இருக்கும், ஆனால் ஓடாது. பெயரே புரியாத ஆப்பில் கைவைக்க வேண்டாம்.

'அன்இன்ஸ்டால்' பட்டன் மங்கலாகக் கிடந்து அழுத்தவே முடியவில்லையா? செட்டிங்ஸ் தேடலில் 'டிவைஸ் அட்மின்' என்று தட்டி, போனைக் கட்டுப்படுத்த அந்த ஆப்புக்குக் கொடுத்த அனுமதியை எடுத்துவிட்டு மறுபடி நீக்கிப் பாருங்கள். இப்படி அனுமதி வாங்கி ஒட்டிக்கொள்பவற்றில், போனை வேகமாக்குகிறேன் என்று வரும் கிளீனர் ஆப்கள்மேல்தான் எனக்கு முதல் சந்தேகம்.

ஒன்று கவனியுங்கள்: ஆப்பை நீக்கினாலும் மாதச் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரில் 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' போய்த் தனியாக ரத்து செய்யாவிட்டால் மாதாமாதம் ராண்ட் கழிந்துகொண்டே இருக்கும். வங்கி ஆப்பை மட்டும் அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். பணம் அனுப்பும்போது பல வங்கிகள் ஒப்புதல் கேட்பதே அதில்தான்.